எரிந்தவையும் எறிந்தவையும்

மிர்ச்சா எலியாதேயின் அலுவலக அறையில் தீப்பிடித்தபோது அவருக்கு வயது 78. 1985 டிசம்பர், சிக்காகோ. மூட்டுவாதத்தால் விரல்கள் முடங்கி, பேனா பிடிக்கவே அவர் சிரமப்பட்ட காலம் அது. ஆண்டுக்கணக்காகச் சேர்த்துவைத்த புத்தகங்களிலும் தாள்களிலும் எத்தனையோ அன்று பாழாயின. நான்கே மாதங்களில், 1986 ஏப்ரல் 22 அன்று, அவரும் காலமானார். தீயில் தப்பியவை சிக்காகோ பல்கலைக்கழக நூலகக் காப்பகத்தில் இருக்கின்றன.

சமயங்களை ஒப்பிட்டுப் படிப்பதைத் தனித் துறையாக நிலைநிறுத்தியவர்களில் எலியாதே முதல் வரிசையில் நிற்பவர். ருமேனியாவில் பிறந்து, 1928 இறுதியில் இலங்கை வழியாகத் தமிழகம் வந்தார். சென்னை அடையாறு பிரம்மஞான சபையில்தான் தன் குரு சுரேந்திரநாத் தாஸ்குப்தாவை முதன்முதலில் நேரில் சந்தித்தார். பிறகு கல்கத்தா, ரிஷிகேசம். யோகத்தைப் பற்றி அவர் எழுதிய ஆய்வு அந்த மூன்றாண்டு வாசத்தின் விளைச்சல். 1957 முதல் சிக்காகோவில் பேராசிரியர். அவர் தலைமைப் பதிப்பாசிரியராக இருந்து உருவாக்கிய சமயக் கலைக்களஞ்சியம் 16 தொகுதிகளாக, அவர் மறைந்த மறு ஆண்டு வெளிவந்தது.

இந்தப் பெருமைக்கு நடுவே ஓர் இடைவெளி. அவர் தன் வாழ்நாளில் வெளியிட்ட நாட்குறிப்புத் தேர்வுகள் 1945இல்தான் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய ஆண்டுகளில் என்ன நடந்தது? யூத வெறுப்பை வெளிப்படையாகப் பேசிய ருமேனியத் தீவிர வலதுசாரி இயக்கமான இரும்புக் காவல்படையை ஆதரித்து, 1930களின் பிற்பகுதியில் அவர் பத்திரிகைகளில் எழுதினார். 1938இல் தடுப்பு முகாமிலும் அடைக்கப்பட்டார். போர்க்காலத்தில் ருமேனியத் தூதரகப் பணியில் லிஸ்பனில் இருந்தபோது எழுதிய நாட்குறிப்பு அவர் காலத்துக்குப் பிறகே அச்சேறியது. ஸ்டாலின்கிராடில் ஜெர்மனி தோற்றதற்காக அதில் அவர் மனம் உடைந்து எழுதியிருக்கிறார்.

சமய மனிதன் ‘வரலாற்றின் பயங்கரத்தி’லிருந்து தப்பிக்க, காலத்துக்கு அப்பாற்பட்ட புனிதத்தைத் தேடுகிறான் என்பது எலியாதேயின் முக்கியமான வாதங்களில் ஒன்று. அந்த நாட்குறிப்பைப் படித்த பிறகு, இந்த வாதத்தைப் பழைய மாதிரி படிக்க முடியவில்லை. அவர் தப்ப நினைத்தது எந்த வரலாற்றிலிருந்து என்ற கேள்வி ஒவ்வொரு பக்கத்திலும் கூடவே வருகிறது. அதற்காக அவருடைய ஆய்வே பொய் என்று ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் எழுதியவரின் ஐந்தாறு ஆண்டுகளை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் நீட்டுவது வாசகருக்குச் செய்யும் வஞ்சனை.

உண்மை வெளிவந்ததும் பெரும்பாலும் பிறரிடம் இருந்த தாள்களிலிருந்துதான். எலியாதேயின் நெருங்கிய நண்பராக இருந்து, யூதர் என்பதாலேயே அந்த நட்பை இழந்த எழுத்தாளர் மிஹாயில் செபாஸ்டியனின் நாட்குறிப்பு, அவர் இறந்து அரை நூற்றாண்டு கழித்து 1996இல் புத்தகமாயிற்று. கல்கத்தா விஷயத்திலும் அப்படியே. குருவின் மகள் மைத்ரேயி தேவியுடனான காதலை வைத்து எலியாதே 1933இல் எழுதிய நாவல், நாற்பது ஆண்டுகள் ஒற்றைச் சாட்சியாக நின்றது. அதில் தன் பெயரும், தான் செய்யாத செயல்களும் இருப்பதை அறிந்த மைத்ரேயி, 1973இல் சிக்காகோவுக்கே போய் அவரை நேரில் சந்தித்துவிட்டு வந்து, ‘ந ஹன்யதே’ எழுதினார். அதற்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. 1994இல் சிக்காகோ பல்கலைக்கழகப் பதிப்பகமே இரு நூல்களையும் ஆங்கிலத்தில் வெளியிட்டது. சரியான காரியம். ஒருவர் வாக்குமூலத்தை இன்னொருவர் வாக்குமூலத்துக்குப் பக்கத்தில் வைத்தால்தான் காப்பகம் காப்பகமாகிறது.

இந்தத் தாள்களின் கதையில் ஓர் உயிரிழப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எலியாதேயின் சீடரும் அதே பல்கலைக்கழகப் பேராசிரியருமான யோவான் குலியானு, 1991 மே 21 அன்று வளாகக் கழிப்பறையில் சுட்டுக்கொல்லப்பட்டார். கொன்றவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. எலியாதேயின் 1930களின் கட்டுரைகளுக்கான மொழிபெயர்ப்புகளைக் குலியானு சக பேராசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார். அந்தக் கட்டு பின்னர் எலியாதேயின் இன்னொரு மாணவரான புரூஸ் லிங்கனிடம் வந்தது. ஓய்வுபெற்று அறையைக் காலி செய்தபோது, பழைய தாள்களோடு அதையும் அவர் தவறுதலாக எறிந்துவிட்டார். பிறகு அந்தத் தவறை ஈடுசெய்ய ருமேனிய மொழியைப் படித்து, மூலக் கட்டுரைகளைத் தேடி எடுத்து, 2023இல் புத்தகம் எழுதினார். தன் ஆசிரியரின் கறையைத் தன் கையாலேயே எடுத்துக் காட்டிய அந்த நேர்மையை வணங்குகிறேன்.

நம் பேராசிரியர்கள், தமிழறிஞர்கள் வீட்டுப் பரண்களில் இப்படி எத்தனை கட்டுகள் கிடக்கின்றன! அறிஞர் மறைந்ததும் குடும்பத்தார் செய்யும் முதல் வேலை, அவர் பெயருக்கு அழகு சேர்க்காத கடிதங்களைப் பிரித்தெடுப்பதுதான். அன்பினால்தான் செய்கிறார்கள். மீதமுள்ளவை பழைய பேப்பர்காரரின் தராசுக்குப் போகின்றன. அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எதையும் பிரிக்காதீர்கள். சங்கடமான பக்கங்களை இருபது, முப்பது ஆண்டுகள் திறக்கக் கூடாது என்று எழுதிக்கொடுத்தே காப்பகத்தில் ஒப்படைக்கலாம், அதற்கு வழியிருக்கிறது. கட்டைக் கட்டாகவே கொடுங்கள்.