உழைச்செல்வானும் கதிர்மருத்துவப் பயிற்சியும்

திருக்குறளின் 95-ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ ஒரு பகுப்போடு நிறைவுறுகிறது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிலிருந்து பணி செய்பவர் என மருத்துவத்தை வள்ளுவப் பெருந்தகை நான்காகக் காண்கிறார். நான்காமவருக்கு அவர் இட்ட பெயர் ‘உழைச்செல்வான்’. வகுப்பில் இக்குறளை நடத்தும்போது மருத்துவரைப் பற்றி விரிவாகப் பேசுவோம்; மருந்தைப் பற்றியும் பேசுவோம். உழைச்செல்வானுக்கு ஒருவரியில் பொருள் கூறிவிட்டு அடுத்த அதிகாரத்திற்குச் சென்றுவிடுவோம். அந்த நான்காமவர் எங்கே உருவாகிறார், அவருக்கு யார் எதைக் கற்பிக்கின்றனர் என்று நாம் எண்ணியதில்லை. எண்ணவைத்தது ஒரு நிகழ்ச்சி.

நம்மிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் மயிலத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்தவர். அவருடைய தாயாருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டு அறுவை மருத்துவம் முடிந்தது. பின்னர் 25 நாள் கதிர்மருத்துவம் செய்யவேண்டும் என்றனர். முதல்நாள் துணைக்கு வருமாறு மாணவர் அழைத்தார். நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு உடன் சென்றோம். அங்கே பயிற்சிக்கு வந்திருந்த இளைஞர் ஒருவர் அம்மையாரைப் படுக்கையில் கிடத்தி, சுவரிலிருந்து வரும் ஒளிக்கோடுகளை உடலிலிட்ட குறிகளோடு பிசகாமல் பொருத்தினார். கைத்திறன் மெச்சத்தக்கதாக இருந்தது. “மூவ் பண்ணாதீங்க, ரிலாக்ஸா இருங்க” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். கனத்த கதவு மூடிற்று. கருவியை இயக்குமுன் திரையை நோக்கிய மூத்த பணியாளர் ஓர் அம்மையார், உடனே கதவைத் திறக்கச் செய்து உள்ளே விரைந்தார். படுத்திருந்த தாய் மூச்சையே அடக்கிக்கொண்டிருந்தார்!

“அம்மா, மூச்சை எப்பவும் போல விடுங்க. கதவு சாத்தியிருந்தாலும் டிவியில உங்களைப் பார்த்துக்கிட்டேதான் இருப்போம். ஏதாவது வேணும்னா ஒரு குரல் கொடுங்க, எங்களுக்குக் கேட்கும். உடனே நிறுத்திட்டு வந்துடுவோம்” என்றார் அப்பணியாளர். எண்ணிப் பார்த்தால் நான்கே தொடர்கள். தாயின் முகம் தெளிந்தது. சிறிது நேரத்தில் சிகிச்சையும் முடிந்தது. வெளியே வந்தபின் நம்மிடம் அவர் சொன்னார்: “அசையக் கூடாதுன்னு சொன்னாங்க ஐயா. மூச்சு விட்டா நெஞ்சு அசையுமே, அதான் அடக்கிக்கிட்டேன். கரண்டு வைக்கிறப்ப அசைஞ்சா ஷாக் அடிச்சிடுமோன்னு பயம் வேற.”

அப்பயிற்சி மாணவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. கருவியை அவருக்குக் கற்பித்திருந்தனர். அந்நான்கு தொடர்களை எவரும் கற்பிக்கவில்லை. நோயாளியிடம் பேசுவது தானாக வந்துவிடும் என்று நாம் எல்லோரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது வருவதில்லை. ஆகவே, கதிர்மருத்துவ மாணவரின் மருத்துவமனைப் பயிற்சியில் நோயாளியின் மொழியில் பேசுதல் ஒரு பாடமாக வேண்டும். அது தேர்விலும் இடம்பெற வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் முன்வைக்கும் கருத்து.

‘கரண்டு வைத்தல்’ என்னும் வழக்கையே எடுத்துக்கொள்வோம். மயிலம், திண்டிவனம், விழுப்புரம் வட்டாரச் சிற்றூர்களில் கதிர்மருத்துவத்திற்கு மக்கள் இட்ட பெயர் இதுதான். அச்சொல்லிலேயே அச்சம் குடியிருக்கிறது. கரண்டு என்றால் தூக்கியெறியும், சுடும் என்றுதானே தோன்றும்? உண்மையில் கதிர் பாயும்போது வலி இல்லை; சூடு இல்லை; கண்ணுக்கும் தெரிவதில்லை. வெளியிலிருந்து கதிர் பாய்ச்சப்பெற்றவர் உடலில் அக்கதிர் தங்குவதும் இல்லை. வீடு திரும்பிப் பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் ஏந்தலாம். இதனை எவரும் எடுத்துரைக்காத வீடுகளில் தட்டும் தம்ளரும் தனியாகின்றன, பாயும் தனியாகிறது. நோயினும் கொடிது அத்தனிமையன்றோ?

பயிற்சி மாணவர் நாள்தோறும் செய்யும் வேலைகளைச் சற்று நோக்குவோம். சிகிச்சைக்கு முன் ஸ்கேன் எடுக்கும் நாளில் நோயாளியின் தோலில் குறியிடுகிறார். அக்குறி அழிந்தால் இலக்குத் தவறும். ‘குறியை அழிக்காதீர்கள்’ என்று பொதுவாகச் சொன்னால் போதுமா? வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் பழக்கமுடைய தாய்க்கு, அவ்விடத்தில் எண்ணெயும் சீயக்காயும் படக்கூடாது, தேய்க்கக்கூடாது என்று அவர் வாழ்க்கையிலிருந்தே எடுத்துச் சொல்லவேண்டும். தலை, கழுத்துப் பகுதியில் நோயுற்றவருக்கு, வெந்நீரில் இளக்கிய நெகிழித் தகட்டை முகத்தின்மீது பொருத்தி, அது ஆறி இறுகியபின் முகமூடியாகக் கொள்கின்றனர். அதனைப் படுக்கையோடு பூட்டும் கணத்தில் அஞ்சாதவர் யார்? மூச்சுக்கு வழி உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லவேண்டும். சிலவகைச் சிகிச்சையில் மூச்சை அடக்கச் சொல்வதும் உண்டு. பலவற்றில் இயல்பாக விடவேண்டும். எப்போது எது என்று தெளிவாகச் சொல்லவேண்டும். வாரத்தில் 5 நாள் வீதம் பல வாரங்கள் வரவேண்டியிருக்கும். இடையில் நின்றால் மருத்துவத்தின் பயன் குறையும். இதனை நடவுக்கும் அறுவடைக்கும் கூலிக்குச் செல்பவரின் மனம் கொள்ளுமாறு சொல்லவேண்டும். இவையனைத்தும் சொல்லால் நிகழும் பணிகள் அல்லவா?

சொல் மட்டும் போதும் என்று நாம் கூறவில்லை. எண்ணும் பிழைக்கலாகாது. 1996-இல் கோஸ்டாரிக்கா நாட்டின் தலைநகரான சான் ஓசேயில் நிகழ்ந்தது உலகறிந்த பாடம். கோபால்ட் கருவியில் புதிய கதிர்மூலத்தைப் பொருத்தி அளந்தபோது, 0.3 நிமிடம் என்பதை 30 நொடியாகக் கொண்டுவிட்டனர். 0.3 நிமிடம் என்பது 18 நொடியே. பள்ளிப் பிள்ளை திருத்தக்கூடிய கணக்கு! அதனால் கதிர் பாய்ச்சும் நேரம் நீண்டு, 115 நோயாளிகள் அளவுக்கு மீறிய கதிரை ஏற்றனர். நூலறிவு இருந்தும், ஒருவர் கணக்கை மற்றொருவர் சரிபார்க்கும் ஒழுக்கம் இல்லாதபோது நேர்ந்த கேடு இது. அவ்வொழுக்கம் கரும்பலகையிலிருந்து வருவதன்று. மூத்தவரின் தோளருகே நின்று நாள்தோறும் பழகி வருவது. ‘இது சரிதானா, இன்னொருமுறை பார்ப்போம்’ என்று இளையவர் துணிந்து கேட்பதற்கும் பயிற்சி வேண்டும். கேள்வி கேட்கும் மாணவரை வாயடைக்கும் இடம் பயிற்சிக்கூடம் ஆகாது. ஆள்பற்றாக்குறையை ஈடுகட்டத் தள்ளுவண்டி தள்ளவே அவரைப் பயன்படுத்தும் போக்கு எங்கிருந்தாலும் அதுவும் பயிற்சி ஆகாது.

தமிழகம் இத்துறைக்குப் புதியதன்று. தம் தங்கையை 1923-இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் உள்ளத்தில் எழுந்த எண்ணம், 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகள் கொண்ட புற்றுநோய் மருத்துவமனையாக உருப்பெற்றது. 1955-இல் அங்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா அம்மையார் 2021-இல் மறையும்வரை அப்பணியிலேயே வாழ்ந்தார். பேரறிஞர் அண்ணாவை 1969-இல் இந்நோய் கொண்டு சென்றது. காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அவர் பெயரால் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. நம் வட்டாரத்தார் நாடும் புதுவைக் கோரிமேட்டு ஜிப்மரில் கதிர்மருத்துவத் தொழில்நுட்பம் இளநிலைப் பட்டப்படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டம், இத்தகைய படிப்புகளுக்குப் பிரிவுக்கேற்ப 2000 அல்லது 3600 மணி நேரத்திற்குக் குறையாத கல்வியை வகுத்திருக்கிறது. மணிக்கணக்கு நன்று. ஆயின் அம்மணிகளில் எத்தனை நோயாளியோடு பேசக் கழிந்தன என்பதையும் கணக்கிட வேண்டாமா?

எனவே மூன்றினை வேண்டுகிறோம். ஒன்று, பயிற்சியின் தொடக்க நாள்களில் மாணவர் கருவியைத் தொடுமுன் காத்திருப்போர் கூடத்தில் அமர்ந்து நோயாளிகள் சொல்வதைக் கேட்கட்டும். இரண்டு, செய்முறைத் தேர்வில், எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவருக்கு அன்றைய சிகிச்சையை மாணவர் தமிழில் விளக்கட்டும்; அம்முதியவர் கேட்டதைத் தம் சொற்களில் திருப்பிச் சொன்னால் மதிப்பெண் வழங்கட்டும். மூன்று, பணியாளரும் தமிழ்த்துறையினரும் ஒருங்கமர்ந்து ஒரு சிறு கையேடு உருவாக்கட்டும். அதில் தூய சொல்லாக்கத்தைவிட மக்கள் சொல்லே முதன்மை பெறட்டும். ‘கரண்டு’ என்று வருபவரிடம் அச்சொல்லிலிருந்தே தொடங்கி உண்மைக்கு அழைத்துச் செல்வதே ஆசிரியம்.

கூட்டம் மிகுந்த இடத்தில் இதற்கு நேரமேது என்று கேட்பர். அன்று நாம் கண்டது யாது? நான்கு தொடர்களைச் சொல்லாமையால் கதவைத் திறந்து, உள்ளே சென்று, மீண்டும் தொடங்கவேண்டியதாயிற்று. சொல்வதற்கு ஆகும் நேரத்தினும் சொல்லாமையால் கெடும் நேரமே பெரிது. பயில்வோருள் பிறமொழியினரும் இருப்பர் என்பர். அவர்களுக்குத்தான் இக்கையேடு முதலில் தேவை.

சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு சொல். தமிழகப் பெண்களை மிகுதியாகத் தாக்குபவை மார்பகப் புற்றும் கருப்பைவாய்ப் புற்றும். இவற்றுக்கான சிகிச்சையில் உடலைத் திறக்கவேண்டிய நிலை வருகிறது. அதற்கு நாணியே காலங்கடத்தி வரும் தாய்மார்களை நாம் அறிவோம். வேண்டிய இடத்தை மட்டும் விலக்கி, மற்றதைத் துணியால் போர்த்தி, சொல்லிவிட்டுத் தொடும் பெண் பணியாளர் ஒருவர் இருப்பாராயின் அவர்கள் முன்னரே வருவர். அத்தகையோர் நம் வீடுகளிலிருந்து வரவேண்டாமா? கதிர் பட்டுப் பெண்பிள்ளையின் உடல் கெடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். பணியாளர் நிற்பது கனத்த கான்கிரீட் சுவருக்கு அப்பால். கதவு திறந்தால் கருவி தானே நின்றுவிடும். மார்பில் அணியும் அளவுப்பட்டை அவர் ஏற்ற கதிரைக் கணக்கிடும். 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அதற்கு வரம்பும் வகுத்திருக்கிறது. இவற்றை அறிந்தபின் மேல்நிலையில் அறிவியல் பயிலும் நம் பெண்மக்களை இத்துறைக்கு அனுப்பத் தயங்குதல் தகாது.

மயிலத்தில் 1938 முதல் தமிழ்க் கல்லூரி நடைபெற்று வருகிறது. அங்கிருந்து புதுவை செல்லும் பேருந்தில் ஏறினால் ஏறத்தாழ ஒருமணி நேரத்தில் மருத்துவக் கல்வியின் பெருங்கூடம். சொல்லைக் கற்பிக்கும் இடத்திற்கும் உடலைக் காக்கும் இடத்திற்கும் இடையே அவ்வளவே தொலைவு. ஆயினும் தமிழ் பயில்வோர் அங்கே நோயாளியாகவே செல்கின்றனர், ஆசிரியராகச் சென்றதில்லை. இந்நிலை மாறுதல் வேண்டும்.

அந்தத் தாய் 25 நாளும் தவறாது சென்றுவந்தார். கடைசி வாரத்தில், புதிதாக வந்து நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், “கரண்டெல்லாம் அடிக்காது, மூச்சை மட்டும் அடக்காதே” என்று அவர் கூறியதாக மாணவர் நம்மிடம் தெரிவித்தார். ஒரு நோயாளி மற்றொரு நோயாளிக்குச் செய்த அத்தொண்டினை நம் கல்வி தன் கடமையாக ஏற்கட்டும். இனி அக்குறளை நடத்தும்போது உழைச்செல்வானை ஒருவரியில் கடந்து செல்வதில்லை என நாம் உறுதிகொண்டுள்ளோம்.