கூச்சத்தை வளர்த்தது யார்?

திருப்பதி கோயில் நகரம் மட்டுமல்ல, மாணவர் நகரமும்கூட. 1954-ல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தையும் பிற கல்லூரிகளையும் நாடி, சித்தூர் உள்ளிட்ட சுற்றுவட்டாரங்களிலிருந்து வரும் இளைஞர்கள் பெற்றோரைப் பிரிந்து விடுதிகளில் தங்கிப் படிக்கின்றனர். அவர்களில் ஒருவர் மருந்துக் கடையில் ஆணுறை கேட்க வேண்டுமானால், கூட்டம் கலையும்வரை காத்திருக்க வேண்டும். கடைக்காரர் தெரிந்தவராக இருந்துவிட்டால், தலைவலி மாத்திரையுடன் திரும்ப வேண்டியதுதான். இளம்பெண்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு விலை காரணமல்ல. 1968-லேயே மத்திய அரசு 15 பைசாவுக்கு மூன்று 'நிரோத்' ஆணுறைகள் என்று பெட்டிக்கடைவரை கொண்டு சென்றது. ஆனால், ஆந்திரத்தில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெண்களுக்கான அறுவை சிகிச்சை என்றாகிவிட்டது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அங்கு 15 முதல் 49 வயது வரையிலான மணமான பெண்களில் சுமார் 70 சதவீதத்தினர் அதைச் செய்துகொண்டவர்கள். ஆணுறையை நம்பும் தம்பதியர் ஒரு சதவீதம்கூட இல்லை. குடும்பங்களில் புழங்காத பொருளைக் கடையில் கேட்பவர் மீது சந்தேகப் பார்வை விழத்தானே செய்யும்?

அறுவை சிகிச்சை கருவைத் தடுக்கும், எச்.ஐ.வி.யைத் தடுக்காது. 2021 மதிப்பீட்டின்படி, வயது வந்தோரிடையே எச்.ஐ.வி. பாதிப்பு ஆந்திரத்தில் 0.67 சதவீதம். தேசிய சராசரியோ 0.21 சதவீதம்தான்.

இந்தக் கூச்சத்தைப் போக்க வேண்டிய தில்லி, அதை வளர்க்கவே செய்தது. பள்ளிகளில் பாலியல் கல்வி கூடாது என்று, ஆந்திரத்தைச் சேர்ந்த வெங்கய்ய நாயுடு தலைமையிலான மாநிலங்களவை மனுக்கள் குழு 2009-ல் பரிந்துரைத்தது. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தொலைக்காட்சியில் ஆணுறை விளம்பரங்கள் கூடாது என 2017-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவுறுத்தியது. ஆபாசமற்ற விளம்பரங்களுக்கு இது பொருந்தாது என்ற விளக்கம் பிறகே வந்தது.

பாலியல் கல்வி இளைஞர்களைக் கெடுத்துவிடும் என்ற பெற்றோரின் அச்சத்தை எள்ளி நகையாடக் கூடாது. ஆனால், அது பாலுறவைத் தூண்டுவதில்லை என்பதை 2018-ல் யுனெஸ்கோ வெளியிட்ட வழிகாட்டி ஆய்வுகளின் அடிப்படையில் தெளிவுபடுத்தியுள்ளது. உச்ச நீதிமன்றமும் 2024-ல் அத்தகைய கல்வியின் அவசியத்தை வலியுறுத்தியது.

சென்னையில் சேகரிக்கப்பட்ட ரத்த மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது நாட்டிலேயே முதன்முதலாக 1986-ல் கண்டறியப்பட்டது, சித்தூரை அடுத்த வேலூரில்தான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இளைஞர்கள் வாய்திறந்து கேட்க அஞ்சுகிறார்கள் என்றால், தவறு அவர்களுடையதல்ல. வகுப்பறையில் ஆசிரியர் தயங்காமல் பேசவும், அரசு மருத்துவமனையில் பெயரும் முகவரியும் கேட்காமல் ஆணுறை கிடைக்கவும் வழி செய்வது மத்திய, மாநில அரசுகளின் கடமை.