பத்து ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் போதுமா?



பழைய குளிர்பெட்டியில் தெர்மோஸ்டாட் பழுதானால், அதற்குப் பதிலாக எண் காட்டும் டிஜிட்டல் கன்ட்ரோலரைப் பொருத்துவது இன்று பல கடைகளில் வழக்கமாகிவிட்டது. இதை நாம் வரவேற்கிறோம். புதுப் பெட்டி வாங்கும் செலவு மிச்சம். உள்ளே எத்தனை டிகிரி என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதை இணைப்பதில் காட்டப்படும் சிக்கனத்தை நம்மால் ஏற்க முடியவில்லை.

கன்ட்ரோலருக்குள் உள்ள சிறிய ரிலேதான் மின்சாரத்தைக் கொடுப்பதும் நிறுத்துவதும். அதன்மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் ஹீட்டர் போன்ற பளுவுக்கான கணக்கு. கம்ப்ரஸரோ மோட்டார். ஓடும்போது 3 ஆம்பியர் எடுப்பது, கிளம்பும் நொடியில் ஐந்தாறு மடங்கு, அதாவது 15 முதல் 18 ஆம்பியர் வரை இழுக்கும். தினமும் பலமுறை இந்த அடி விழுந்தால் ரிலேயின் முனைகள் கருகும். சில சமயம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் கன்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் கம்ப்ரஸர் நிற்காது, பால் உறைந்துபோகும். கருகி இணைப்பு விட்டால், இரவோடு இரவாகச் சரக்கு கெடும்.

இதற்குப் பரிகாரம் எளிது. கன்ட்ரோலரின் ரிலே, ஒரு கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும். கம்ப்ரஸரின் பளுவைக் கான்டாக்டர் தாங்கட்டும். துண்டிக்கப்படுவது பேஸ் ஆக இருக்க வேண்டும், நியூட்ரல் அல்ல. எர்த் கம்பி அவசியம். கம்ப்ரஸரோடு வந்த ஸ்டார்ட்டிங் ரிலேயையும் ஓவர்லோடையும் கழற்றவே கூடாது. அவற்றின் வேலை வேறு. நின்ற கம்ப்ரஸர் மறுபடி கிளம்பக் குறைந்தது 3 நிமிட இடைவெளி வைக்க வேண்டும். வாயுவின் அழுத்தம் சமனாகாமல் கிளம்பினால் மோட்டார் திணறும். பெட்டியில் ஆர்-600ஏ என்று எழுதியிருந்தால் அது தீப்பற்றும் வாயு. ஆகவே கன்ட்ரோலரையும் கான்டாக்டரையும் சுவரில் உயரத்தில் தனி டப்பாவில் வைப்பதே நல்லது.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் விதிகள் 2011 முதல் நடைமுறையில் உள்ளன. குளிரில் வைக்கும் பண்டம் 5 டிகிரிக்குள்ளும், உறைநிலைப் பண்டம் மைனஸ் 18 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது அவற்றின் எதிர்பார்ப்பு. மொத்த வியாபாரிகளாகிய நாம் அனுப்பும் வெண்ணெயும் பன்னீரும் சில்லறைக் கடைப் பெட்டியில்தான் தங்குகின்றன. அங்கே கெட்டால் கடைக்காரர் நம்மிடம் திருப்புகிறார். நாம் கம்பெனிக்கு எழுதினால் இருப்பு வைத்த முறை சரியில்லை என்று பதில் வருகிறது. இடையில் நஷ்டம் நம் இருவருக்கும்தான். கெட்டதை அறியாமல் வாங்கிச் சென்ற வாடிக்கையாளரின் உடல்நலம் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

எனவே, கன்ட்ரோலர் மாட்டச் சொல்லும்போதே கான்டாக்டரையும் சேர்த்து மாட்டச் சொல்லுங்கள்; லைசென்ஸ் பெற்ற வயர்மேனிடம் வேலையைக் கொடுத்து, பில்லிலும் அதை எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பினர் கடைகளின் பெட்டிகளைச் சோதிக்க ஏற்பாடு செய்யலாம். கான்டாக்டருக்கு ஆகும் தொகை ஒரு பெட்டி வெண்ணெயின் விலைகூட இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.