கிளிகளும் காக்கையும்

கோடை விடுமுறை வந்துவிட்டால் எங்கள் தெருவுக்கு மாம்பழ வண்டி வருகிறதோ இல்லையோ, கைவினைப் பயிற்சி முகாமின் விளம்பரம் வந்துவிடுகிறது. குழந்தைக்குள் உறங்கும் கலைஞனைத் தட்டி எழுப்புகிறார்களாம், அதுவும் ஐந்தே நாளில்! திங்கள் களிமண், செவ்வாய் கண்ணாடி ஓவியம், புதன் காகிதப் பூ, வியாழன் பாசிமணி, வெள்ளி கண்காட்சி, கையோடு சான்றிதழ். கும்பகர்ணனை எழுப்பவே இதைவிட அதிகம் பாடுபட்டார்கள்.

என் தங்கையின் மகனை அப்படி ஒரு முகாமில் சேர்த்தவன் நான்தான். ஆகையால் குற்றவாளிகளின் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொண்டே பேசுகிறேன். வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். மேஜைமேல் 21 களிமண் கிளிகள். எல்லாம் ஒரே பச்சை, ஒரே சிவப்பு மூக்கு. அச்சில் அமுக்கி எடுத்தவை. கோணலாக வந்தவற்றை ஆசிரியை தம் கையாலேயே நேர்செய்திருக்கிறார். பெற்றோர் பெயர்ச்சீட்டைப் பார்த்துத்தான் தங்கள் குழந்தையின் கிளியைக் கண்டுபிடித்தார்கள், கண்டுபிடித்ததும் பரவசப்பட்டார்கள்.

எங்கள் பையனுடையது அங்கே இல்லை. விசாரித்ததும் அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அச்சைத் தொடாமல் கையாலேயே பிடித்த கறுப்புப் பறவை. கழுத்தைச் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றது.

"கிளி செய்யச் சொன்னால் காக்கை செய்திருக்கிறான், சார். மற்ற குழந்தைகள் சிரிப்பார்களே என்று வைக்கவில்லை" என்றார் ஆசிரியை.

"நம்ம மாடிக்கு தினம் வருமே, மாமா, ஒத்தைக்கால் காக்கா, அதுதான்" என்றான் பையன், தலையைக் குனிந்துகொண்டு.

'வீட்டில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட இது மேல் அல்லவா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால், 'நீ கண்ணால் கண்டது தப்பு' என்று கைபேசி அவனிடம் சொல்லவில்லையே! முகாம் அதைச் சொன்னது, கட்டணமும் வாங்கிக்கொண்டது.

1897-ல் வியன்னா நகரில் பிரான்ஸ் சிஸெக் என்பவர் குழந்தைகளுக்கென்று ஓவிய வகுப்புத் தொடங்கினார். பெரியவர்களின் படத்தைப் பார்த்து வரையச் சொல்லாமல், தாங்கள் கண்டதையும் நினைத்ததையும் தீட்டும்படி விட்டார். 1937-ல் வார்தாவில் காந்திஜி ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, கைத்தொழிலைப் பொழுதுபோக்காகக் கருதாமல் படிப்பின் நடுவிலேயே வைத்தார். ஒருவர் சுதந்திரம் கொடுத்தார். மற்றவர் பொருளோடு நெடுநாள் பழகும் பொறுமையைக் கேட்டார். தக்ளியில் நூல் அறுந்தால் அறுந்ததுதான். ஆசிரியர் 'பேஷ்' என்று சொன்னால் ஒட்டிக்கொள்ளாது. நம் முகாம்களிலோ சுதந்திரத்துக்கு அச்சு குறுக்கே நிற்கிறது. பொறுமைக்கு அட்டவணை குறுக்கே நிற்கிறது.

பத்தமடைப் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். கோரையை அறுத்து, காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, சன்னமாகக் கிழித்த பிறகே அது தறிக்கு வருகிறது. இதில் எதை ஒரு காலை வேளைக்குள் கற்றுக்கொடுப்பது?

முகாமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதம் முழுவதும் ஒரே பொருள் போதும். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிறவர்களில் ஒருவரை, நியாயமான சம்பளம் கொடுத்து அழைத்து வாருங்கள். குழந்தைகள் மண்ணைப் பிசையட்டும், கெடுக்கட்டும், மறுபடி பிசையட்டும். கண்காட்சியையும் சான்றிதழையும் நிறுத்திவிடுங்கள். அவற்றால் திருப்தி அடைகிறவர்கள் நாம்தான்.

அந்தக் காக்கை இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. நேற்றுக் கொஞ்சம் களிமண் வாங்கி வந்து பையனைக் கூப்பிட்டேன். உட்கார்ந்தான், மண்ணைத் தொடவில்லை.

"கிளி செய்யணுமா, மாமா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.