துயரத்தை நிரூபிப்பதும் வாழ்க்கையை எழுதுவதும்

துன்பப்பட்டவனே நல்ல எழுத்தாளனாக முடியும் என்றொரு கருத்து நம்மவர் மத்தியில் வேரூன்றியிருக்கிறது. பட்ட துன்பத்தை அப்படியே எழுதிவைத்தால் அது இலக்கியமாகிவிடும் என்ற நம்பிக்கையும் அதனோடு சேர்ந்தே வளர்ந்திருக்கிறது. போரையும் இடப்பெயர்வையும் அகதி வாழ்வையும் கண்ட சமூகத்தில் இவ்வாறான எண்ணங்கள் தோன்றுவது இயல்பே. ஆயினும் இரண்டும் அரை உண்மைகள் என்றே நான் கருதுகிறேன்.

பத்திரிகையொன்றின் வாரப் பதிப்புக்குப் பொறுப்பாக இருந்த ஆண்டுகளில் என் மேசைக்கு வந்த கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி சொந்த வாழ்வின் துயரங்களையே பேசின. வவுனியாவிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தன. பாரிஸிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்தன. எழுதியவர்கள் பட்ட துன்பத்தில் எனக்கு ஐயம் இருந்ததில்லை. ஆனால் ‘சொல்லொணாத் துயரம்’, ‘இரத்தக் கண்ணீர்’, ‘விதியின் விளையாட்டு’ என்ற சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வந்தன. எழுதியவரின் பெயரை நீக்கிவிட்டால் அது யாருடைய கதை என்று அறிய வழியில்லை. ஒருவர் தனியே அனுபவித்த துன்பம், எவருக்கும் பொருந்தும் துன்பமாகத் தேய்ந்துபோயிருந்தது.

இதற்கு மொழிப் பயிற்சிக் குறைவு மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. 1983 இன் பின்னர் மேற்கு நாடுகளுக்குச் சென்ற நம்மவரில் பலர், தம் வாழ்க்கைக் கதையை முதன்முதலாக எழுத்தில் கொடுத்தது அகதிக் கோரிக்கைக்காகவே. அதனை வாசித்தவர் ஓர் அதிகாரி. அவர் நம்பினால் வதிவிட உரிமை. நம்பாவிட்டால் திருப்பியனுப்பும் உத்தரவு. திகதிகள் முரண்படக் கூடாது. துன்பம் போதிய அளவு இருக்க வேண்டும். அந்த வாக்குமூலத்தில் சிரிப்புக்கு இடமில்லை, அயலவர் காட்டிய அன்புக்கு இடமில்லை, சொல்பவரின் சொந்தக் குறைகளுக்கும் இடமில்லை. நாட்டிலேயே தங்கியவர்களுக்கு நிவாரணப் படிவங்களும் விசாரணை ஆணைக்குழுக்களும் இதே பழக்கத்தைக் கற்பித்தன. உயிரைக் காக்க எழுதிய அந்த எழுத்தைக் குறைகூறும் உரிமை எவருக்கும் இல்லை. நான் சொல்ல வருவது, அந்த வாக்குமூல மனம் பின்னாளில் நினைவுகளை எழுத உட்காரும்போதும் நம்முடன் கூடவே வந்துவிடுகிறது என்பதே. வாசகரையும் ஓர் அதிகாரியாக எண்ணிக்கொண்டு அவர் முன் துயரத்தை நிரூபிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

இதனை நன்குணர்ந்து எழுதப்பட்ட படைப்பு ஷோபாசக்தியின் ‘கொரில்லா’. 2001 இல் வெளிவந்த அந்நாவல், பிரான்ஸில் அகதி ஒருவர் சமர்ப்பிக்கும் மனுவின் வடிவிலேயே தொடங்குகிறது. எண்ணிடப்பட்ட பந்திகளில் கைதுகளும் சித்திரவதைகளும் வரிசையாக வருகின்றன. பின்னர் கதை அந்தப் படிவத்தை விட்டு ஊருக்குள் நுழைகிறது. ஊர்ச் சண்டியரான தந்தை வருகிறார். பகிடியும் சண்டையும் வருகின்றன. மனுவில் சொல்ல முடியாதவையெல்லாம் நாவலுக்குள் வந்து சேர்கின்றன. வாக்குமூலத்துக்கும் புனைவுக்கும் இடையிலான தூரத்தை ஒரே நூலில் காண்கிறோம்.

போருக்கு முந்திய தலைமுறையிலும் நமக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. 1927 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த டொமினிக் ஜீவா, முடிதிருத்தும் தொழில் செய்த குடும்பத்தவர். சாதியின் பெயரால் பாடசாலையில் அவமதிக்கப்பட்டு இளவயதிலேயே படிப்பை விட்டவர். கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூனில் தொழில் செய்தபடியே எழுதினார். 1960 இல் வெளிவந்த ‘தண்ணீரும் கண்ணீரும்’ என்ற சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு கிடைத்தது. 1966 இல் ‘மல்லிகை’ சஞ்சிகையை ஆரம்பித்து நானூறு இதழ்கள் வரை கொண்டுவந்தார். ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ என்ற பெயரில் தம் வாழ்க்கையையும் நூலாக்கினார். 2021 இல் காலமானார்.

ஜீவா பட்ட அவமானம் சிறியதன்று. ஆனால் அவர் அந்த அவமானத்தோடு நின்றுவிடவில்லை. தொழிலை மறைக்காமல், அந்தச் சலூனையே தமது பல்கலைக்கழகம் என்று பெருமையோடு சொல்லிவந்தார். அங்கு வந்துபோன மனிதர்கள், நடந்த அரசியல் விவாதங்கள், கைக்குக் கை மாறிய புத்தகங்கள், சஞ்சிகையைத் தாமே சுமந்து வீதியில் விற்ற நாட்கள் ஆகிய யாவும் அவருடைய வாழ்க்கைக் கதையின் பகுதிகளே. தன்னை வருத்தியவர்களைப் பற்றி மட்டும் எழுதுபவர், தம் வாழ்க்கையின் பெரும்பகுதியை அவர்களுக்கே கொடுத்துவிடுகிறார். ஜீவா அப்படிக் கொடுக்கவில்லை.

சிறுகதை செய்யக்கூடிய காரியம் வேறு. என். கே. ரகுநாதனின் ‘நிலவிலே பேசுவோம்’ கதையை நேயர்கள் பலர் அறிந்திருப்பர். மதுவிலக்குப் பேசும் பெரிய மனிதர் ஒருவரைக் காண ஒடுக்கப்பட்ட சாதியினர் சிலர் இரவில் வருகின்றனர். அவர்களை வீட்டினுள் அழைக்க மனமில்லாத அவர், வெளியே நிலவொளியில் இருந்து பேசலாமே என்று இனிமையாகச் சொல்லிவிடுகிறார். அடியில்லை, வசையில்லை. ரகுநாதன் தாமும் ஒடுக்குமுறையை அனுபவித்தவர். இதனையே நினைவுக்குறிப்பாக எழுதியிருந்தால், அந்தப் பெரிய மனிதர் யார், எந்த ஊரவர் என்று தேடியிருப்போம், கண்டுபிடித்ததும் நிம்மதியடைந்திருப்போம். சிறுகதையாகியதனால் அந்த நாகரிகமான குரல் வாசிப்பவர் வீட்டு முற்றத்திலும் கேட்கிறது. அவரே பிற்காலத்தில் ‘ஒரு பனஞ்சோலைக் கிராமத்தின் எழுச்சி’ என்ற நூலில் தம் ஊரையும் வாழ்வையும் விரிவாகப் பதிவு செய்தார். இரண்டு வடிவங்களுக்கும் இரண்டு வேலைகள் உண்டென்பதை அவர் அறிந்திருந்தார்.

நினைவுக்குறிப்பு ஒரு சாட்சியம். அதில் ஆண்டும் இடமும் பிழைக்கக் கூடாது. அதில் வரும் தாய்க்கும் சகோதரிக்கும் அயலவருக்கும் மறுத்துப் பேச வாய்ப்பில்லை என்ற நினைவு எழுதுபவருக்கு இருக்க வேண்டும். தன் துயரைச் சொல்லும் உரிமை, மற்றவரின் அந்தரங்கத்தை விற்கும் உரிமையாகாது. சிறுகதையில் பெயரையும் ஊரையும் மாற்றலாம். ஆனால் பெயரை மாற்றிவிட்டு உறவினர்மீதான கோபத்தைத் தீர்த்துக்கொள்வது கதையாகாது. நமக்குத் தீங்கு செய்தவரின் மனத்துக்குள்ளும் சற்று நேரம் இருந்து பார்க்கத் துணிந்தவருக்கே சிறுகதை வசப்படும். அத்துணிவு இல்லாதபோது நினைவுக்குறிப்பாக எழுதுவதே நேர்மை.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், அந்த இரவைப் பற்றிப் பத்துப் பக்கங்கள் எழுதிக் கொண்டுவந்தார். முழுவதும் புலம்பலாக இருந்தது. “ரீச்சர், நீங்கள் கொண்டுபோன பையுக்குள்ளை என்ன இருந்தது?” என்று கேட்டேன்.

“தம்பி, அதெல்லாம் எழுதுற விசயமோ?” என்றார்.

பின்னர் யோசித்துச் சொன்னார்: காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், ஒரு போத்தல் தண்ணீர், திருத்தி முடிக்காத முப்பத்திரண்டு பரீட்சைத் தாள்கள். நாவற்குழிப் பாலத்துக்குப் போகும் வழியில் மழையில் நனைந்தபோதும் அந்தத் தாள்களை அவர் எறியவில்லை. அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று அவருக்குப் பின்னர் தெரியவரவேயில்லை. அவர் எழுதியிருந்த பத்துப் பக்கங்களில் இத்தாள்களைப் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை. துயரத்துக்குச் சான்றாக அது போதாது என்று எண்ணியிருக்கிறார். எனக்கோ அதுவே போதுமானதாக இருந்தது.

இதனை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 1983 இல் இருபது வயதாக இருந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். 1958 ஐக் கண்டவர்களில் எஞ்சியோர் மிகச் சிலரே. இவர்களோடு சேர்ந்து இழப்புகளின் பட்டியல் மட்டும் மறையப்போவதில்லை. ஒரு சலூனில் என்ன பேசினார்கள், அகதி முகாமில் யார் யாருக்குத் தேநீர் கொடுத்தார்கள், பாரிஸில் ஓர் அறையில் எத்தனை பேர் முறைவைத்து உறங்கினார்கள் என்பனவும் மறைந்துபோகும். இவற்றை எந்த ஆணைக்குழுவும் கேட்டதில்லை. எந்தப் படிவத்திலும் இதற்கான கட்டம் இருந்ததில்லை.

ஆகவே மூத்தவர்களிடம் நான் கேட்பது இதுதான். நீங்கள் எழுதப்போவதை வாசிப்பவர் அதிகாரி அல்லர். உங்கள் பேரப்பிள்ளையாக இருக்கலாம். உங்கள் ஊரையே அறியாத ஒருவராகவும் இருக்கலாம். நீங்கள் துன்பப்பட்டீர்கள் என்பதை அவர் நம்புவார். நீங்கள் எப்படி வாழ்ந்தீர்கள் என்பதே அவருக்குத் தெரியாது. முதலில் அதனை எழுதுங்கள்.