கப்பலுக்கு நற்சாட்சி

கடலில் உயிர்களைக் காப்பவை அரசாங்கங்களல்ல, அறிவும் அனுபவமும் வாய்ந்த கப்பல் வகைப்பாட்டுச் சங்கங்களே என்று பெருமை பேசுவோர் உளர். அக்கூற்றில் பாதி உண்மை உண்டு. மறுபாதியைப் பற்றியே நாம் இங்கு பேசவேண்டியிருக்கிறது.

கப்பலின் உடலும் இயந்திரமும் கடலைத் தாங்குமா என்று விதி வகுத்து, பரிசோதித்து, சான்றிதழ் வழங்குபவை இச்சங்கங்கள். அச்சான்றிதழின்றிக் காப்புறுதி கிடைப்பது அரிது. இவை மாலுமிகளின் குடிசைகளிற் பிறந்தவையல்ல. இலண்டனில் எட்வேர்ட் லொயிட் தொடங்கிய கோப்பிக்கடையின் வழிவந்த காப்புறுதி வணிகர், எக்கப்பலை நம்பிப் பணம் கட்டலாம் என்றறிய 1760 இல் முதற்சங்கத்தை அமைத்தனர். அவர்கள் கணக்கிட்டது பலகையின் ஆயுளை. பலகைமேல் நின்றவனின் ஆயுளையன்று.

இன்றும் பரிசோதனைக் கட்டணத்தைச் செலுத்துபவன் கப்பல் முதலாளியே. ஒரு சங்கம் கண்டிப்புக் காட்டினால் இன்னொன்றை நாடவும் அவனால் முடியும். போதாக்குறைக்கு, கொடி வழங்கும் நாடுகள் பல தமது சட்டப் பரிசோதனைகளையும் இவற்றிடமே ஒப்படைத்துள்ளன. மாணவனே பரீட்சகருக்குச் சம்பளம் கொடுக்கும் பாடசாலையை நம்மில் எவரேனும் கண்டதுண்டோ?

1986 இல் 'நிக்கலஸ் எச்' என்னும் கப்பல் உடலில் வெடிப்புகளுடன் புவேர்ட்டோ ரிக்கோவுக்கு அப்பால் நங்கூரமிட்டது. நிரந்தரமாகத் திருத்த வேண்டுமென்றார் சங்கத்தின் பரிசோதகர். உரிமையாளர் இணங்கவில்லை. தற்காலிக ஒட்டுவேலையுடன் பயணத்தைத் தொடரலாமென்று பரிசோதகர் தம் முடிவை மாற்றிக்கொண்டார். சில நாட்களிற் கப்பல் மூழ்கியது. சரக்குடையோர் தொடுத்த வழக்கில், சங்கத்துக்கு அவர்கள்பாற் சட்டக் கடப்பாடு இல்லையென்று 1995 இற் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சங்கங்கள் பொதுநலனுக்காக உழைக்கின்றனவாம்! பணமும் வழக்கறிஞரும் படைத்த சரக்கு முதலாளிக்கே இக்கதியென்றால், இயந்திர அறையில் நிற்பவனின் கதி யாது?

தனித்தனிப் பரிசோதகரை நாம் நிந்திக்கவில்லை. இருண்ட தாங்கிக்குள் இறங்கித் துருவைத் தட்டிப்பார்க்கும் அவரும் கூலிக்கு உழைப்பவரே. அவரது சுத்தியலைப் பிடித்திருக்கும் கை வேறு.

1999 டிசெம்பர் 12 ஆந் தேதி, மால்டாக் கொடியேந்திய 'எரிக்கா' என்னும் எண்ணெய்க் கப்பல் பிரான்சின் பிரிட்டனிக் கரைக்கு அப்பால் இரண்டாகப் பிளந்தது. 24 ஆண்டுகள் பழைய அக்கப்பலுக்கு இத்தாலியச் சங்கமான ரீனாவின் சான்றிதழ் இருந்தது. கரையோரமெங்கும் எண்ணெய் படிந்து, பறவைகள் பல்லாயிரக்கணக்கில் மடிந்தன. நீதிமன்றத்தில் ரீனாவின் வாதம் விநோதமானது: மால்டா அரசின் சார்பிற் செயற்பட்டதால், அரசுக்குரிய விலக்குரிமை தனக்கும் உண்டு என்றது! கட்டணம் வாங்கும்போது தனியார். குற்றக்கூண்டில் ஏறும்போது அரசு. பிரான்சின் உயர் நீதிமன்றம் 2012 இல் இவ்வாதத்தை ஏற்காது தண்டனையை உறுதிசெய்தது. நட்டஈடு நீங்கலாக, தண்டப்பணம் 175,000 யூரோ. எண்ணெயை அனுப்பிய டோட்டல் நிறுவனத்துக்கு 375,000.

பரிசோதனைக் கட்டணம் பொதுநிதியொன்றிலிருந்து செல்லவேண்டும். அறிக்கைகள் பகிரங்கமாதல் வேண்டும். விதி வகுக்கும் சபைகளில் மாலுமிகளின் தொழிற்சங்கங்களுக்கு வாக்குரிமை வேண்டும். தொழிலாளிக்கு இந்நுட்பங்கள் விளங்குமா என்று ஏளனம் செய்வர். 1980 இற் புயலில் 44 உயிர்களுடன் மறைந்த 'டார்பிஷயர்' என்னும் பிரித்தானியக் கப்பலின் சிதைவை, 1994 இற் கடலடியிற் கண்டுபிடித்த தேடலுக்குப் பணம் கொடுத்தது சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம். மாண்ட மாலுமிகளின் கவனயீனமே காரணமென்று பின்னர் நிபுணர்கள் சுமத்திய பழி, 2000 ஆம் ஆண்டு மறுவிசாரணையில் நீங்கியது.