சோதனை நாளின் தூய்மை

வாசகப் பெரியவர் ஒருவரின் கடிதம் இம்மாதக் கட்டுரைக்கு வித்தாயிற்று. அவருடைய மகன் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரில் பணிபுரிகிறார். பழைய கார் ஒன்றை வாங்கி, அதன் எஞ்சினின் வேகத்தையும் விசையையும் தம் விருப்பம்போல் கூட்டி வைத்திருக்கிறாராம். ஆண்டுக்கொரு முறை அரசுச் சோதனைக்குக் காரைக் கொண்டு செல்வதற்கு முன்தினம், அதன் அடிப்பகுதியில் ஓர் உறுப்பைப் பொருத்துகிறார். சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே அதனைக் கழற்றிக் கொட்டகையில் போட்டுவிடுகிறார். "சோதனையில் தேறிவிட்டதே வாப்பா, அப்புறம் இதிலே என்ன தப்பு?" என்பது மகனின் வினா. "அவனுக்கு விடை சொல்லும் அளவுக்கு எனக்கு எந்திர அறிவு இல்லை, ஆனால் மனம் ஒப்பவில்லை" என்கிறார் தந்தை.

நானும் எந்திரவியல் கற்றவன் அல்லன், கலைப்பட்டதாரி. எனினும் இதனை விளங்கிக்கொள்ளப் பெரும் படிப்பு ஒன்றும் தேவையில்லை.

அந்த உறுப்பின் பெயர் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர். வினையூக்கி மாற்றி என்று தமிழாக்குவர். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயின் இடையே ஓர் எஃகுக் கூடு. அதனுள்ளே தேனடையைப் போன்று நுண்துளைகள் நிறைந்த பீங்கான் கட்டி. ஒரு சதுர அங்குலப் பரப்பில் ஏறத்தாழ 400 துளைகள் இருக்கும். அத்துளைகளின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் சில கிராம் அளவில் பூசப்பட்டிருக்கும். எஞ்சின் கக்கும் புகையில் முக்கியமான நஞ்சுகள் மூன்று. ஒன்று, நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு. இது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் பற்றிக்கொள்வது. மற்றொன்று, எரியாமல் எஞ்சிய பெட்ரோல் ஆவி. மூன்றாவது, மூச்சுக்குழலைப் புண்படுத்தும் நைட்ரஜன் ஆக்சைடுகள். கன்வர்ட்டரின் துளைகளூடே செல்லும்போது முதலிரண்டும் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும், மூன்றாவது வெறும் நைட்ரஜனாகவும் மாறுகின்றன. நன்கு சூடேறிய கன்வர்ட்டர் இந்நஞ்சுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேல் மாற்றிவிடும். இதைத் தலைகீழாக எண்ணிப் பாருங்கள். தொண்ணூறு பங்கை நீக்கும் உறுப்பை எடுத்துவிட்டால், பத்தாக இருந்த நஞ்சு நூறாகிறது. ஒரு கார் பத்துக் காராகிறது.

இவ்வுறுப்பு தோன்றிய வரலாறு சுவையானது. 1943ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை ஒரு புகைமூட்டம் போர்த்தியது. கண்கள் எரிந்தன, தொண்டை கமறியது. தொழிற்சாலைகளே காரணம் என்று முதலில் கருதினர். 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்னும் வேதியியல் அறிஞர், கார்ப் புகையின் மீது வெயில் படுவதால் விளைவது அது என்று நிறுவினார். அதே காலத்தில், பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யூஜீன் ஹூட்ரி என்னும் பொறியாளர், புகையைத் தூய்மை செய்யும் கன்வர்ட்டரை உருவாக்கினார். கச்சா எண்ணெயிலிருந்து உயர்தரப் பெட்ரோலை மிகுதியாகப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டவரும் இவரே! எரிபொருளைப் பெருக்கியவரே அதன் நஞ்சுக்கும் மாற்றுத் தேடினார்.

ஆனால் அக்காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் படிந்தால் கன்வர்ட்டர் செத்துவிடும். ஆகவே ஹூட்ரி 1962இல் மறைந்தபோதும் அவருடைய கருவி கார்களில் ஏறவில்லை. 1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கிய பின்னரே, 1975ஆம் ஆண்டு மாடல் கார்களில் அது பரவலாக வந்தது. ஈயமற்ற பெட்ரோலும் உடன் வந்தது. ஈயப் பெட்ரோலைத் தவறியும் ஊற்றிவிடாதபடி, புதிய கார்களின் பெட்ரோல் வாய் குறுகலாக அமைக்கப்பட்டது. மனிதர் சும்மா இருந்தனரா? ஈயப் பெட்ரோல் சற்று மலிவு என்பதற்காக அந்த வாயை இடித்து அகலமாக்கிக் கொண்டோர் பலர். பர்மிங்ஹாம் இளைஞர் செய்வது புதிய தந்திரமன்று.

இளைஞர்கள் இதனை ஏன் கழற்றுகின்றனர்? தொடக்க காலக் கன்வர்ட்டர்கள் புகையின் வழியை அடைத்து எஞ்சினின் விசையைக் குன்றச் செய்தது உண்மை. அந்தக் கெட்ட பெயர் தலைமுறை கடந்தும் நிலைக்கிறது. இன்றைய கன்வர்ட்டரோ அவ்வளவாக வழிமறிப்பதில்லை. எஞ்சினில் வேறு மாற்றம் ஏதும் செய்யாத சாதாரணக் காரில் அதனைக் கழற்றினால் கிடைப்பது சில குதிரைத்திறனே. ஓட்டுபவருக்கு அது தெரியவும் தெரியாது. டர்போ பொருத்தி முறுக்கேற்றிய எஞ்சினில் பயன் சற்றுக் கூடுதல்தான். இல்லையென்று சொன்னால் பொய்யாகும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒலி இருக்கிறது. கன்வர்ட்டர் இல்லாத கார் உறுமும். அந்த உறுமலுக்காகவே கழற்றுவோர் பாதிப்பேர் இருப்பார்கள் என்பது என் ஐயம்.

கார்கள் இப்போது தம்மைத் தாமே கண்காணிக்கின்றன. அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இது கட்டாயமாயிற்று. கன்வர்ட்டருக்குப் பின்னால் ஓர் ஆக்சிஜன் உணர்கருவி அமர்ந்து, அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். கன்வர்ட்டர் இல்லையென்றால் ஓட்டுநரின் முன்னே எச்சரிக்கை விளக்கு எரியும். அதற்கும் மாற்று வைத்திருக்கிறார்கள். உணர்கருவியைப் புகையிலிருந்து சற்று விலக்கி வைக்க ஒரு சிறு குழாய்த் துண்டு. அல்லது காரின் கணினியில் அந்த எச்சரிக்கையையே அழித்துவிடுவது. காவலாளி நிற்கிறான், கண்ணை மட்டும் கட்டிவிட்டார்கள்! விற்பவர்களோ "பந்தயக் களத்துக்கு மட்டும்" என்று பெட்டியின் மேல் அச்சிட்டுவிட்டுத் தெருவில் ஓடும் கார்களுக்கு விற்கிறார்கள்.

இனி மகனின் வினாவுக்கு வருவோம். இங்கிலாந்தில் எம்.ஓ.டி. எனப்படும் ஆண்டுச் சோதனை 1960 முதல் நடைபெறுகிறது. அண்மைக் காலப் பெட்ரோல் கார் ஒன்றை எஞ்சின் வேகத்தைக் கூட்டிச் சோதிக்கும்போது, புகையில் கார்பன் மோனாக்சைடு பொதுவாக நூற்றில் 0.2 பங்கைத் தாண்டக் கூடாது. கன்வர்ட்டர் இல்லாமல் இந்த அளவுக்குள் நிற்பது அரிது. தயாரிப்பாளர் பொருத்திய கன்வர்ட்டர் இல்லை என்பது கண்ணில் பட்டாலே தோல்விதான். ஆகவேதான் முதல் நாள் பொருத்துவதும் மறுநாள் கழற்றுவதும். ஆனால் சட்டம் சோதனைக்கூடத்தின் வாசலோடு நின்றுவிடவில்லை. அந்நாட்டின் 1986ஆம் ஆண்டுச் சாலை ஊர்தி விதிகள், ஊர்தி சாலையில் ஓடும் ஒவ்வொரு நாளுக்கும் உரியவை. புகை வரம்பை மீறும்படி மாற்றப்பட்ட காரை ஓட்டுவதே குற்றம். சோதனையில் தேறிய சான்றிதழ், அன்று அந்தக் கார் எப்படி இருந்தது என்பதற்கே சாட்சி. இன்னொன்றும் அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். காரில் செய்த மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் மறைத்திருந்தால், விபத்து நேரும்போது காப்பீடு கைவிட்டுப் போகலாம்.

தேர்வு நாளில் ஒப்பித்துவிட்டு மறுநாள் பாடத்தை மறக்கும் மாணவரை நான் ஆண்டுதோறும் காண்கிறேன். அவர் கெடுத்துக்கொள்வது தம்மை மட்டுமே. இந்தக் காரின் குழாயோ நடைபாதையில் தள்ளுவண்டியில் செல்லும் குழந்தையின் மூக்கு உயரத்தில் இருக்கிறது. ஆஸ்துமாவால் அவதியுறும் பிள்ளையைப் பெற்ற வீடுகள் நம்மிடையே எத்தனை! அந்தத் தாய்மாரிடம் "என் கார் சோதனையில் தேறிவிட்டது" என்று யார் சொல்ல முடியும்?

"என் ஒரு காரால் ஊர் கெட்டுவிடுமா?" என்றும் கேட்பார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அதற்கு முந்திய பத்தாண்டுகளில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகள் நீக்கப்பட்டிருந்தன. அவற்றால் காற்றுக்கு நேரும் கேடு, ஒழுங்கான வண்டிகள் 90 லட்சத்துக்கு மேல் புதிதாகச் சாலைக்கு வந்ததற்கு ஈடு என்றது அம்முகமை. அந்த உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் "என் ஒரு வண்டிதானே" என்றவர்களே.

சோதனை நாளில் மட்டும் தூய்மை காட்டும் இந்த வித்தையைப் பெரிய நிறுவனமே செய்து அகப்பட்டதும் உண்டு. ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன், சோதனை நடக்கிறது என்பதை உணர்ந்தவுடன் நஞ்சைக் குறைத்துக்கொள்ளும் மென்பொருளை உலகெங்கும் ஏறத்தாழ 1.1 கோடி டீசல் கார்களில் வைத்திருந்தது 2015இல் வெளியாயிற்று. அன்று உலகமே கொதித்தது. கம்பெனி செய்தால் மோசடி, நம் பிள்ளை ஸ்பானர் கொண்டு செய்தால் பொழுதுபோக்கா?

விந்தை என்னவெனில், பிறர் காரிலிருந்து இந்த உறுப்பை அறுத்துச் செல்லும் திருடர்கள் அந்நாடுகளில் பெருகியுள்ளனர். 2021இல் ரோடியத்தின் விலை அவுன்சு ஒன்றுக்கு 20,000 டாலரைத் தாண்டியிருந்தது. திருடனுக்குத் தெரிந்த அருமை உடையவருக்குத் தெரியவில்லை.

வேகத்தில் ஆசை கொண்ட இளைஞரை முற்றாகத் தடுப்பது என் நோக்கமன்று. துளைகளின் எண்ணிக்கை குறைந்த, சதுர அங்குலத்துக்கு 200 அளவிலான கன்வர்ட்டர்கள் கிடைக்கின்றன. புகை எளிதில் செல்லும், நஞ்சும் பெருமளவு மாறும். அதிலும் அந்தக் காருக்கென ஒப்புதல் பெற்றதையே வாங்க வேண்டும். கலிபோர்னியாவில் இத்தகைய உறுப்புக்கு அரசு வாரியத்தின் ஆணை எண் இருக்க வேண்டும். விலை கூடுதல்தான். டயருக்கும் சக்கரத்துக்கும் கணக்குப் பாராமல் செலவிடுகிறவர்கள் இதில் மட்டும் ஏன் சிக்கனம் பார்க்கிறார்கள்?

நம் நாட்டிலும் இது அயல் செய்தியன்று. 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமாயிற்று. இப்போது மோட்டார் சைக்கிள்களிலும் அது இருக்கிறது. பலவற்றில் சைலன்சருக்கு உள்ளேயே அமைந்திருக்கிறது. வெடிச் சத்தம் வேண்டுமென்று கம்பெனி சைலன்சரை மாற்றும் நம் பிள்ளைகள், பல வேளைகளில் கன்வர்ட்டரையும் சேர்த்தே பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிறார்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஒலி, புகை விதிகளை மீறிய வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுபவருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் தடைப்படும்.

இத்தகைய காரை விற்கும்போது மற்றொரு சிக்கல் எழுகிறது. குறையை வாங்குபவரிடம் சொல்லாமல் விற்பது மோசடி என்பது, மத்ரஸாவில் வணிகப் பாடம் தொடங்கும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவது. கன்வர்ட்டர் கழற்றிய காரை அறியாமல் வாங்கிய ஏழைக் குடும்பத்தின் தலையில், அடுத்த சோதனையின் தோல்வியும் புதிய கன்வர்ட்டரின் பெருஞ்செலவும் விழும்.

ஆகவே பழைய கார் வாங்கும் நேயர்கள் இவற்றைக் கவனிக்கவும். நம்பிக்கையான மெக்கானிக்கைக் கொண்டு காரை மேலே தூக்கி, குழாயில் புதிய வெல்டிங் தழும்பு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருந்ததை உடைத்தெடுத்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் விட்டு வைப்போரும் உளர். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியபோதே அது எரியவில்லையென்றால், யாரோ அதனை வாய் மூட வைத்திருக்கிறார்கள் என்று ஐயுறுங்கள். இங்கிலாந்தில் வாங்குவோர், காரின் பதிவு எண்ணைக் கொண்டு அதன் பழைய சோதனை முடிவுகளை அரசின் இணையதளத்தில் கட்டணமின்றிக் காணலாம். புகைச் சோதனையில் தோற்று, மறுநாளே தேறிய கார் என்றால், இடையில் என்ன பொருத்தப்பட்டது என்று விற்பவரிடம் கேட்டுவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.